கறுத்த பின்னும் அதே கல்லா?

களப்பு நீரில் எவ்வளவு ஒட்சிசன் கரைந்திருக்கிறது என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. மூடியுள்ள கண்ணாடிப் போத்தலொன்றைக் காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே தங்காதபடி நீரால் நிரப்பவேண்டும். அதில் மங்கனீசு சல்பேற்றுக் கரைசல் சிறிது, அடுத்து அயடைடு கலந்த காரக் கரைசல் சிறிது விட்டு, மூடிக் குலுக்கவேண்டும். சற்று நேரத்தில் அடியில் ஒரு படிவு இறங்கும். நீரில் ஒட்சிசன் அறவே இல்லையென்றால் படிவு வெள்ளையாக நிற்கும். இருந்தால் கபில நிறம் ஏறும். கூட இருந்தால் கடுங்கபிலம். ஹங்கேரி நாட்டு இரசாயனவியலாளர் லயோஷ் விங்க்லர் 1888இல் வெளியிட்ட முறை இது. மின்னுணரிகள் வந்துவிட்ட இக்காலத்திலும் அந்தக் கருவிகள் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க இதையே துணைக்கு அழைக்கிறார்கள். அறுகம்பே தொடங்கிக் கல்முனைக்கு அப்பால் வரை நீளும் கரையில், மாரி ஓய்ந்து மணல்மேடு வாயை அடைத்துக்கொள்ளும் களப்புகளில், மீனும் இறாலும் பிழைக்குமா என்பது அந்த நிறத்தில் தெரிந்துவிடும். 30 பாகை செல்சியஸில் நன்னீர் ஒரு லீட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத்தான் தாங்கும். உப்பு ஏற ஏற அதுவும் குறையும்.

போத்தலில் இறங்கும் அந்த வெள்ளைப் படிவின் பெயர் மங்கனீசு ஐதரொட்சைட்டு. ஒரு மங்கனீசு அணுவுக்கு இரண்டு ஐதரொட்சைல் கூட்டம். நிறையில் 62 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக மங்கனீசு. ஆய்வுகூடத்தில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் இதை இயற்கை மிக அரிதாகவே கல்லாகச் செய்து வைத்திருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பைரோக்ரோயிற்று என்று பெயர். 1864இல் சுவீடனின் வார்ம்லாந்துப் பகுதியிலுள்ள பைஸ்பெரி சுரங்கத்திலிருந்து கிடைத்ததை இகெல்ஸ்ட்ரோம் என்பவர் முதலில் விவரித்தார். கடினத்தன்மை இரண்டரை, அதாவது விரல் நகத்தின் அளவு. அடர்த்தி நீரைப் போல மூன்றேகால் மடங்கு. உள்ளே மங்கனீசும் ஐதரொட்சைலும் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன, தளங்களுக்கிடையே பிடிமானம் குறைவு. வெற்றிலைக் கட்டிலிருந்து இலை உரிவதுபோல் தகடு தகடாகப் பிரியும். மகனீசிய ஐதரொட்சைட்டுக் கனிப்பொருளான புரூசைற்றுக்கும் இதே அமைப்புத்தான்.

புதிதாக உடைத்த பைரோக்ரோயிற்று நிறமற்றிருக்கும், அல்லது வெளிர் பச்சை, வெளிர் நீலம். முத்தின் மினுக்கம் அதில் உண்டு. காற்றுப் பட்டதும் வெண்கல நிறமாகி, பிறகு கபிலமாகி, கறுத்துப் போகும். போத்தலில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. ஒட்சியேற்ற எண் 2இல் இருந்த மங்கனீசு இலத்திரனை இழந்து 3க்கும் 4க்கும் ஏறுகிறது.

அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். இந்தக் கல் உருவாக நீரில் காரத்தன்மை வேண்டும், மங்கனீசு நிறைய வேண்டும், ஒட்சிசன் இருக்கவே கூடாது. மூன்றும் சேர்ந்து அமைவது, பழைய மங்கனீசுத் தாதுக்களின் விரிசல்களில் மிதமான சூட்டில் ஊர்ந்த நீரில்தான். சுவீடனின் லோங்பான் சுரங்கமும், அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தின் பிராங்க்ளின், ஸ்ரேர்லிங் ஹில் துத்தநாகச் சுரங்கங்களும் பேர்பெற்ற இடங்கள். பூமியின் மேற்பரப்பில் மங்கனீசுக்குக் குறைவே இல்லை. அனேகமாக எல்லாம் கறுப்பாகவே கிடக்கிறது, ஏனென்றால் மேற்பரப்பு முழுவதும் காற்று.

அரும்பொருட்சாலைப் பெட்டிகளில் பைரோக்ரோயிற்று என்று சீட்டு ஒட்டிய பல மாதிரிகள் கறுத்தவை. வெட்டியெடுத்தவர் பார்த்த கல்லைப் பார்க்க வந்தவர் பார்ப்பதில்லை. சீட்டிலுள்ள பெயர் எந்தக் கல்லுக்கு உரியது, சுரங்கத்துள் வெளிறிக் கிடந்ததற்கா, பெட்டிக்குள் கறுத்திருப்பதற்கா? நிறம் மாறிய பொருள் அதே பொருளா?

இரசாயனவியலாளர் இதற்கு மேல் நின்று யோசிக்க மாட்டார். சேர்வை மாறியது, பெயரும் மாறவேண்டியதுதான் என்று அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆனால் அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஊர்களில் இந்தக் கேள்விக்கு வெகுகாலமாகவே குடியிருக்க இடம் உண்டு. இங்குள்ளோர் பிக்ஹ் என்னும் மார்க்கச் சட்டத்தில் ஷாபிஈ மத்ஹபையும், அகீதா என்னும் நம்பிக்கைக் கோட்பாட்டில் பெரும்பாலும் அஷ்அரி இமாமின் வழியையும் பின்பற்றி வந்தவர்கள். முன்னது நிறம் மாறிய நீரைப் பற்றி விலாவாரியாகப் பேசும். பின்னது நிறம் என்றால் என்ன என்றே கேட்கும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும், இஸ்லாமிய கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடம் ஒலுவிலிலும் இருக்கின்றன. இந்தக் கல்லைப் பற்றிப் பேச இரண்டு பீடத்தாரும் ஒரே பஸ்ஸில் ஏறவேண்டி வரும்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கரையோர மணலில் தோண்டிய கிணறுகளின் அடியில், இலையும் வேரும் சேறும் அழுகும் இடங்களில், ஒட்சிசன் தீர்ந்துபோகும். அப்போது மண்ணிலுள்ள இரும்பும் மங்கனீசும் கரைந்து நீரோடு வரும். இறைத்த வாளியில் நீர் தெளிவாகத்தான் தெரியும். நிற்க நிற்க இரும்பு முந்திக்கொண்டு செம்மஞ்சளாகும். மங்கனீசு மெல்ல வரும். சாதாரணக் கிணற்று நீரில் அதற்குக் காரத்தின் தூண்டுதல் இல்லை, சிலவகை பக்ரீரியாக்கள் கைகொடுத்தால்தான் வேகம். குழாயின் உட்புறத்திலும் தாங்கியின் அடியிலும் கறுப்பு வழுவழுப்பாகப் படிவதும், வெளுத்த சாரனில் கறை விழுவதும் அதன் வேலை.

இந்த நீரில் வுழூ, அதாவது தொழுகைக்கு முந்திய சுத்தம், செய்தால் கூடுமா?

ஷாபிஈ கிதாபுகள் நீரின் மூன்று தன்மைகளைப் பார்க்கச் சொல்கின்றன: நிறம், சுவை, மணம். குங்குமப்பூப் போன்ற தூய்மையான பொருளொன்று கலந்து, இதை வெறும் தண்ணீர் என்று இனிச் சொல்ல முடியாது என்ற அளவுக்கு மாற்றிவிட்டால், அந்த நீர் சுத்தமானதுதான், ஆனால் சுத்தப்படுத்தாது. அசுத்தம் விழுந்தால் இரண்டு குல்லத்து என்ற அளவு வருகிறது. அதைத் தற்கால லீட்டரில் கணிப்போர் இருநூறை ஒட்டி முன்பின்னாகச் சொல்வார்கள். அதற்குக் குறைந்த நீர் அசுத்தம் பட்டாலே கெட்டது. கூடிய நீர் மூன்று தன்மைகளில் ஒன்று மாறினால்தான் கெடும். பள்ளிவாசல் ஹவ்ழுகள் என்னும் நீர்த்தொட்டிகள் அகலமும் ஆழமுமாகக் கட்டப்பட்டதன் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. 1277இல் மறைந்த இமாம் நவவீ தமது மின்ஹாஜ் என்ற சட்டநூலில் சுத்தம் பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறார். நீர் தேங்கி நின்றதால் வந்த மாற்றம், சேற்றால் வந்தது, பாசியால் வந்தது, நீர் தங்கும் இடத்திலோ ஓடிவரும் வழியிலோ இருக்கும் பொருளால் வந்தது, இவை எதுவும் நீரின் சுத்தப்படுத்தும் தன்மையைப் பறிக்காது. உரையாசிரியர்கள் கந்தகத்தை உதாரணம் காட்டுவார்கள். மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு இலங்கை மத்ரஸாக்களிலும் ஓதிக்கொடுக்கப்படும் பத்ஹுல் முஈனும் இதே வழியில் போகிறது. ஆகவே கிணற்றின் சொந்த மண்ணிலிருந்து வந்த மங்கனீசு நீரைக் கபிலமாக்கினாலும் வுழூவுக்குத் தடையில்லை. அதே கபிலத்தை ஒருவர் தேயிலைச் சாயத்தைக் கலந்து வரவழைத்தால் தடையுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

இங்கே சட்டம் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. நிறம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறது. இது நீருக்கு உள்ளிருந்து வந்ததா, வெளியாள் கொண்டுவந்ததா? ஒரு பொருள் என்னவென்று தெரிய அதன் தற்போதைய தோற்றம் போதாது, வந்த வழியும் வேண்டும் என்ற எண்ணம் இதற்கு அடியில் ஓடுகிறது. இதைச் சடங்கு நுணுக்கம் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது அவசரம்.

உலோகத்தைப் பற்றியும் அந்த ஆலிம்கள் யோசித்திருந்தார்கள். வெப்ப நாட்டில் உலோகப் பாத்திரத்தில் வெயிலில் காய்ந்த நீரை உடலுக்குப் பயன்படுத்துவது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது, என்று மின்ஹாஜும் அதன் உரைகளும் சொல்கின்றன. வெயில் உலோகத்திலிருந்து ஏதோ ஒன்றை நீரில் இறக்குகிறது, அது தோலுக்கு ஆகாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்; பொன்னும் வெள்ளியும் அதில் சேர்த்தியில்லை. அதே நவவீ தமது வேறொரு பெருநூலில், இதற்கு உறுதியான ஆதாரமில்லை என்று எதிர்ப்பக்கம் சாய்கிறார். ஒரே மனிதர் இரண்டு இடத்தில் இரண்டு நிலை எடுப்பதைத் இழுக்காகக் கருதாத மரபு அது.

ஒன்றை இங்கே கலந்துவிடக்கூடாது. வுழூவுக்கு ஆகும் நீர் எல்லாம் குடிக்க ஆகும் என்று பொருளல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் குடிநீரில் மங்கனீசுக்கு ஒரு லீட்டருக்கு 0.08 மில்லிகிராம் என்ற தற்காலிக எல்லையைக் குறித்திருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளே அதில் முதற்கவலை. கிதாபு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, இந்தக் கேள்வியை அது கேட்கவும் இல்லை. கேட்காத கேள்விக்கு அதனிடம் பதில் பிடுங்குவது கிதாபுக்கும் நல்லதல்ல, குழந்தைக்கும் நல்லதல்ல.

இனி நிறத்துக்கே வருவோம். அஷ்அரி வழியில் உலகம் ஜவ்ஹர்களாலும் அரழ்களாலும் ஆனது. ஜவ்ஹர் என்பது பொருளின் பிரிக்க முடியாத துணுக்கு. நிறம், சூடு, அசைவு போன்றவை அதன்மேல் வந்து நிற்கும் அரழ்கள். எந்த அரழும் அடுத்தடுத்த இரண்டு கணங்களுக்கு நீடிப்பதில்லை என்பது அவர்களுடைய துணிந்த முடிவு. கல் வெள்ளையாகவே இருப்பதாக நாம் காண்பது உண்மையில் கணந்தோறும் இறைவன் புதிதாகப் படைக்கும் வெள்ளை. ஒரு கணம் வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்பைப் படைத்தால் கல் கறுத்தது என்கிறோம். இந்த வழியில் கறுப்பதற்கு மட்டுமல்ல, வெள்ளையாகவே நிற்பதற்கும் காரணம் தேவைப்படுகிறது. நிலைத்திருப்பது இயல்பு, மாறுவதுதான் விளக்கம் கேட்கும் என்று பழகிய மனத்துக்கு இது ஒரு குலுக்கல்.

இமாம் கஸ்ஸாலி, அவரும் ஷாபிஈ, அவரும் அஷ்அரி, 1095இல் முடித்த தஹாபுதுல் பலாஸிபாவின் பதினேழாவது விவாதத்தில் பஞ்சையும் நெருப்பையும் எடுத்துக்கொள்கிறார். நெருப்புப் படும்போது பஞ்சு எரிகிறது. நாம் கண்டது அவ்வளவுதான். நெருப்பால் எரிந்தது என்பது நாம் சேர்த்துக்கொண்டது. பஞ்சின் இடத்தில் பைரோக்ரோயிற்றையும் நெருப்பின் இடத்தில் காற்றையும் வைத்தால் வாதம் அசையாமல் நிற்கும். காற்றுப் படும்போது கறுக்கிறது; காற்றால் கறுத்தது என்று யார் கண்டார்? நவீன விஞ்ஞானி இலத்திரன் கைமாறியதைக் காட்டுவார். கஸ்ஸாலியின் மாணவர் விடமாட்டார். இலத்திரன் கைமாறும்போது கறுக்கிறது என்பதைத்தானே காட்டினீர்கள் என்பார். கண்ணியைச் சிறிதாக்கலாம், கண்ணிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம். ஒன்றும் மற்றதும் சேர்ந்து வருவதற்கு அப்பால் வேறெதையும் கண் காணாது.

எதிர்த்தரப்பின் கிண்டலைக் கஸ்ஸாலியே எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் வீட்டில் வைத்துவிட்டு வந்த கிதாபு திரும்பிப் போகும்போது பையனாகவோ மிருகமாகவோ மாறியிருக்கலாமே? மாறவில்லை என்ற அறிவையும் இறைவன் நம்மில் படைக்கிறான் என்பது அவருடைய பதில். உலகின் வழக்கம் மாறாமல் ஓடுவதால் அதை நம்பலாம் என்கிறார். கர்டோபாவின் இப்னு ருஷ்து இதை ஏற்கவில்லை. காரணங்களை மறுப்பது அறிவையே மறுப்பது என்று பின்னாளில் காரமாகப் பதில் எழுதினார். இருவரில் விங்க்லர் யார் பக்கம்? அவருடைய போத்தலுக்கு இருவரும் தேவையில்லை. வழக்கம் மாறாதிருந்தால் போதும். கபிலப் படிவில் அமிலத்தை விட்டதும் அது கரைந்து, மங்கனீசு தன் பழைய நிலைக்கே இறங்கிவிடும். அது வாங்கியிருந்த கணக்கை அயடீன் சுமந்துகொள்ளும். தயோசல்பேற்றால் நியமிக்கும்போது மாப்பொருளின் நீலம் மறையும் துளியில் ஒட்சிசனின் அளவு கிடைக்கும். ஒட்சிசன் காரணமா, வெறும் துணையா என்று கேளாமலேயே அதை எண்ணிவிடலாம். கஸ்ஸாலி இதற்குக் கோபப்பட்டிருக்கமாட்டார். கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே கெடுதி செய்கிறான் என்று அதே நூலின் முன்னுரையில் எச்சரித்தவர் அவர்.

காரணம் தேடுவோருக்கு இந்த மங்கனீசு இன்னொரு சங்கடமும் வைத்திருக்கிறது. கல்லைக் கறுக்கவைக்கும் ஒட்சிசன் எங்கிருந்து வந்தது? பச்சை இலையிலிருந்து. இலைக்குள் நீரைப் பிளந்து ஒட்சிசனை வெளியே விடும் இடத்தில் நான்கு மங்கனீசு அணுக்களும் ஒரு கல்சியமும் பிணைந்த ஒரு சிறு கொத்து இருக்கிறது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் அமைப்பை அணு அணுவாகத் தெளிவுபடுத்தினார்கள். அம்பாறையின் நெல்வயல் முழுவதும் பகலெல்லாம் இதே வேலைதான். மங்கனீசு விட்ட காற்றே மங்கனீசைக் கறுப்பாக்குகிறது.

கதையில் ஒரு ஓவியரும் வருகிறார். சுவீடனின் கிரெகோரி அமினோப் பாரிசில் மத்தீஸிடம் ஓவியம் பயின்றவர். பிறகு தூரிகையை வைத்துவிட்டுக் கனிப்பொருளியலுக்கு வந்து, 1919இல் பைரோக்ரோயிற்றின் பளிங்கமைப்பை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து வெளியிட்டார். நிறங்களோடு வாழ்ந்தவர், நிறம் நிலைக்காத ஒரு கல்லை எடுத்து, நிறத்தைப் பொருட்படுத்தாத ஒரு கதிரால் பார்த்தார். இலங்கையில் எதிர்த்திசையில் நடந்தவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதல் பணிப்பாளராக இருந்து, பின்னர் தோரியனைற்று என்று பெயர்பெற்ற கனிப்பொருளை 1904இல் முதலில் விவரித்தவர், பின்னர் கலைக்கும் மெய்யியலுக்கும் போனார். இருவரும் 1947இலேயே மறைந்தார்கள். கல்லுக்கும் கருத்துக்கும் இடையிலான பாதை இரு பக்கமும் திறந்திருந்த தலைமுறை அது.

பெயர்க் கேள்வி இன்னும் தீரவில்லை. பிக்ஹில் அதன் பெயர் இஸ்திஹாலா, ஒரு பொருள் முழுதாக வேறொன்றாக மாறுவது. உப்புச் சுரங்கத்தில் விழுந்த கழுதை காலப்போக்கில் உப்பாகிவிட்டால் அந்த உப்பைச் சாப்பிடலாமா? ஹனபீ மத்ஹபின் பெருவழக்கு, சாப்பிடலாம் என்கிறது. கழுதை இப்போது இல்லை, இருப்பது உப்பு. சட்டம் பெயரோடும் தன்மையோடும் போகும். ஷாபிஈக்கள் சம்மதிக்கமாட்டார்கள். அடியோடு அசுத்தமான பொருள் உருமாறுவதால் சுத்தமாகாது என்பது அவர்களின் பொதுவிதி. விதிவிலக்குகள் மிகச் சில. பதனிட்ட தோல் ஒன்று, தானாகவே வினாகிரியாக மாறிய மது இன்னொன்று. அந்தத் தானாகவே முக்கியம். மாற்றத்தைத் துரிதப்படுத்த உள்ளே எதையாவது போட்டால் வினாகிரி சுத்தமாகாது. நாக்குக்கும் மூக்குக்கும் ஆய்வுகூடத்துக்கும் இரண்டு வினாகிரியும் ஒன்றாக இருக்கலாம். வந்த வழி வேறு.

ஹனபீ விடை எளிமையானது, ஒருவகையில் விஞ்ஞானத்துக்கும் நெருக்கமானது. இன்றைய ஜெலற்றின் விவாதங்களில் அதை நோக்கிச் சாய்வோர் பெருகியதில் ஆச்சரியமில்லை. ஆனால் கிணற்று நீருக்குச் சலுகை கொடுத்த அதே ஷாபிஈ எண்ணம்தான் கழுதை உப்பை மறுக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டிலும் கேள்வி ஒன்று: இது எங்கிருந்து வந்தது? ஓரிடத்தில் அந்தக் கேள்வி வழிவிடுகிறது, இன்னோரிடத்தில் மறிக்கிறது. அதனால் இவர்களைக் கடுமையானவர்கள், அவர்களை இளகியவர்கள் என்று பிரிப்பது சரிப்படாது.

கனிப்பொருளியலாளர்களும் இந்தச் சிக்கலில் சிக்கியவர்கள்தான். ஒரு கனிப்பொருளின் பளிங்கு வடிவம் அப்படியே நிற்க, உள்ளே இருப்பது அணு அணுவாக வேறொன்றாக மாறிவிடுவதுண்டு. பைரோக்ரோயிற்றின் தகட்டு வடிவம் வெளியே, கறுத்த மங்கனீசு ஒட்சைட்டு உள்ளே. அப்படிப்பட்ட மாதிரியின் சீட்டில் அவர்கள் இரண்டு பெயரையும் எழுதுவார்கள்: இப்போது இருப்பதன் பெயர் முதலில், முன்பு இருந்ததன் பெயர் அடுத்து. ஹனபீயும் ஷாபிஈயும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருப்பதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

வடிவத்தை நம்பி ஏமாந்த கதையும் லோங்பான் சுரங்கத்திலேயே இருக்கிறது. பைரோக்ரோயிற்றின் அதே சேர்வை, ஆனால் வேறு பளிங்கு வடிவம் கொண்ட ஒரு பொருள் அங்கே கிடைத்தது. அமினோப் அதைப் புதிய கனிப்பொருளாகக் கருதி பெக்ஸ்ட்ரோமைற்று என்று பெயரிட்டார். பிறகு தெரியவந்தது, அது மங்கனைற்றின் வடிவுக்குள் குடிபுகுந்த பைரோக்ரோயிற்றே என்று. மங்கனைற்று கறுப்பு, ஒட்சிசன் கூடியது. அந்தக் கல்லில் மாற்றம் எதிர்த்திசையில் நடந்திருந்தது, கறுப்பிலிருந்து வெளிறலுக்கு. புதிய கனிப்பொருள் என்ற தகுதியை அந்தப் பெயர் இழந்தது. மாதிரிகளுக்குச் சீட்டு மாறியது.